ரிசப்ஷன் கோட் சூட்டும் ஷூவும்: மாப்பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நம் ஊரில் நிறைய ஆண்கள் முதல் முறையாகக் கோட் சூட் போடுவது தங்கள் கல்யாண ரிசப்ஷனில்தான். சில குடும்பங்களில் ஜானவாசத்துக்கு, சில குடும்பங்களில் மாப்பிள்ளை அழைப்புக்கு. துணி எடுக்க ஒரு முழு நாள் ஒதுக்குகிறவர்கள் ஃபிட்டிங்குக்கு அரை மணி நேரம் ஒதுக்குவதில்லை. ஷூ என்பது கடைசி வாரத்தில்தான் ஞாபகத்துக்கே வருகிறது. விலை அதிகமான சூட் சுமாராகத் தெரிவதையும், சாதாரண சூட் பிரமாதமாகத் தெரிவதையும் எத்தனையோ மேடைகளில் பார்க்கலாம். அளவும் கடைசி நேரச் சின்னச் சின்ன வேலைகளும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. அவற்றில் நடக்கிற தவறுகளைப் பற்றியதுதான் கீழே இருப்பதெல்லாம்.

கல்யாணத் தேதிக்கு எவ்வளவு முன்னால் சூட் தைக்கக் கொடுக்க வேண்டும்?

இரண்டு மாதம் இருந்தால் நிம்மதி. ஒரு மாதத்துக்கும் கீழே போனால் ட்ரையல் பார்க்க நேரமே இருக்காது. தை, வைகாசி, ஆவணி மாதிரி முகூர்த்த மாதங்களில் கோட் டெய்லர்களிடம் வேலை குவிந்து கிடக்கும். அவசரத்தில் தைத்த கோட் பார்த்தாலே தெரியும். ரெடிமேட் எடுத்தாலும் ஆல்டரேஷனுக்கு மூன்று வாரமாவது விட்டுவையுங்கள்.

இன்னொன்று, கல்யாணத்துக்கு முன்பு உடம்பைக் குறைக்கிறவர்கள் உண்டு. விருந்துக்கு மேல் விருந்து சாப்பிட்டு ஏறிவிடுகிறவர்களும் உண்டு. அதனால் முதல் அளவை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, கடைசி ட்ரையலைத் தேதிக்குப் பத்து நாள் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். ட்ரையலுக்குப் போகும்போது ரிசப்ஷனுக்குப் போடப்போகிற அதே சட்டையும் அதே ஷூவும் கையில் இருக்க வேண்டும். செருப்போடு நின்று அளந்த பேண்ட் நீளம் ஷூ போட்டதும் மாறிவிடும்.

கடையில் கோட்டைப் போட்டதும் முதலில் எதைப் பார்ப்பது?

தோள். மற்றதெல்லாம் அப்புறம்.

கோட்டின் தோள் தையல், உங்கள் தோள் எலும்பு முடிகிற இடத்தில் முடிய வேண்டும். அதைத் தாண்டி வெளியே நீண்டால், கையின் மேல்பகுதியில் ஒரு குழி விழும். உள்ளே தள்ளி நின்றால், கை புடைத்துக்கொண்டு வரும், முதுகும் இழுக்கும். எளிய சோதனை ஒன்று: சுவருக்குப் பக்கவாட்டில் நின்று மெதுவாகச் சாயுங்கள். உங்கள் கை சுவரில் படுவதற்கு முன்னாலேயே தோள் பட்டையின் பஞ்சு போய் இடித்து நசுங்கினால் கோட் பெரிது.

தோளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், மற்றவற்றையெல்லாம் திருத்தலாம். இடுப்பைப் பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம். தோளைத் திருத்த, கையைக் கழற்றி, லைனிங்கைப் பிரித்து, உள்ளே இருக்கும் பட்டையை எடுத்து, கிட்டத்தட்டப் பாதிக் கோட்டை மறுபடி தைக்க வேண்டும். நல்ல டெய்லரே "வேண்டாம் சார், வேற சைஸ் பாருங்க" என்பார். கடையில் "அதெல்லாம் ஆல்டர் பண்ணிக்கலாம்" என்று சொன்னாலும் தோள் விஷயத்தில் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது கழுத்து. கோட் காலர் சட்டைக் காலரோடு பின்னால் ஒட்டி உட்கார வேண்டும். நடுவில் இடைவெளி தெரிந்தால், அல்லது காலருக்குக் கீழே முதுகில் குறுக்காக ஒரு மடிப்பு விழுந்தால், அளவு சரியில்லை. இதைக் கண்ணாடியில் நீங்களே பார்த்துக்கொள்ள முடியாது. கூட வந்தவரிடம் பின்னாலும் பக்கவாட்டிலும் இரண்டு படம் எடுக்கச் சொல்லுங்கள்.

நீளம், உட்காரும் பகுதியை மூடும் அளவுக்கு இருக்க வேண்டும். இப்போது குட்டைக் கோட் நிறைய விற்கிறது. இருபது வருஷம் கழித்து ஆல்பத்தைப் பார்க்கும்போது முதலில் கண்ணில் உறுத்தப்போவது அதுதான் என்பது என் கருத்து.

லேபிளில் 40 என்றும் 50 என்றும் போட்டிருக்கிறதே, எது என் சைஸ்?

40 என்பது மார்பளவு, அங்குலத்தில். ஐரோப்பியக் கணக்கில் அதே அளவு 50. பத்தைக் கழித்தால் போதும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பெரும்பாலான ரெடிமேட் சூட்கள், மார்பைவிட இடுப்பு சுமார் 6 அங்குலம் குறைவாக இருக்கும் என்ற கணக்கில் வெட்டப்படுபவை. கொஞ்சம் தொப்பை இருக்கிற ஒருவர், வயிற்றில் பட்டன் போட வேண்டுமே என்று இரண்டு சைஸ் பெரிதாக எடுப்பார். வயிறு அடங்கிவிடும், தோள் தொங்கிவிடும். இப்படி இருப்பவர்கள் தைத்துக்கொள்வதே நல்லது. கோட்டையும் பேண்ட்டையும் தனித்தனி சைஸில் தருகிற கடை கிடைத்தால் அதுவும் சரி.

பட்டன் போட்டால் நடுவில் சுருக்கம் விழுகிறது. பரவாயில்லையா?

பட்டனிலிருந்து நான்கு பக்கமும் பெருக்கல் குறி மாதிரி கோடுகள் ஓடினால் இடுப்பு இறுக்கம். உள்ளே துணி விட்டிருந்தால் டெய்லர் கொஞ்சம் தளர்த்தித் தருவார். பட்டனுக்கும் வயிற்றுக்கும் நடுவில் விரல்களை மடக்கிய உங்கள் கை தாராளமாகப் போய் வந்தால் லூஸ். உள்ளங்கையைத் தட்டையாக வைத்து நுழைக்க முடிந்தால் சரி. "ஸ்லிம் ஃபிட்" என்ற பெயரில் மூச்சை இழுத்துப் பிடித்துப் பட்டன் போடுகிற கோட்டை வாங்காதீர்கள். மூன்று மணி நேரம் மேடையில் நிற்க வேண்டும்.

ட்ரையல் ரூமில் என்னென்ன செய்து பார்க்க வேண்டும்?

கையைத் தொங்கவிட்டு நேராக நின்றால் எந்தக் கோட்டும் நன்றாகத்தான் இருக்கும். ரிசப்ஷனில் அப்படி நிற்கப்போவது கொஞ்ச நேரம்தான். அதனால் அன்றைக்கு என்ன செய்யப்போகிறீர்களோ அதையெல்லாம் அங்கேயே செய்து பாருங்கள். இரண்டு கையையும் சேர்த்து வணக்கம் சொல்லுங்கள். மாலை போடுவது போல் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள். பக்கத்தில் நிற்பவர் தோளில் கை போடுங்கள். குனிந்து பெரியவர்கள் காலைத் தொடுவது மாதிரி செய்யுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருங்கள்.

கையைத் தூக்கும்போது கோட் முழுதும் காது வரை ஏறினால், அக்குள் துளை கீழே இறங்கி வெட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். பலரும் பெரிய துளை இருந்தால்தான் கை வசதியாக அசையும் என்று நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. அக்குளுக்கு நெருக்கமாக, மேலேற்றி வெட்டிய துளையில்தான் கோட் இடத்தில் இருக்கும், கை மட்டும் அசையும். தைக்கக் கொடுக்கிறவர்கள் இதை டெய்லரிடம் வாய் திறந்து கேளுங்கள். ரெடிமேடில் இதைத் திருத்த முடியாது, கடையிலேயே பார்த்துக் கழிக்க வேண்டியதுதான்.

பின்னால் வெட்டுப் பகுதியில் குறுக்காக ஒரு தையல் இருக்கிறது. கை ஓரத்தில் கம்பெனி பெயர் தைத்திருக்கிறது. அது டிசைனா?

இல்லை, இரண்டையும் பிரிக்க வேண்டும். கோட்டின் பின்பக்க வெட்டுகள் வண்டியில் வரும்போது கசங்காமல் இருப்பதற்காகப் போட்ட தற்காலிகத் தையல் அது. பிரிக்காவிட்டால் உட்காரும்போது பின்பக்கம் இழுத்துப் பிடிக்கும். கையில் இருக்கிற லேபிள் கடையில் துணியை அடையாளம் காட்டுவதற்கு. மேடையில் மாப்பிள்ளை பூங்கொத்து வாங்கும்போது அந்த லேபிள்தான் கேமராவைப் பார்க்கும்.

மேல் பாக்கெட்டையும் பக்கவாட்டுப் பாக்கெட்டையும் சேர்த்து மூடித் தைத்திருப்பார்கள். மேல் பாக்கெட்டைப் பிரித்துக் கைக்குட்டை வையுங்கள். கீழ் பாக்கெட்டுகளை அப்படியே விட்டால்கூட நல்லதுதான்: போன், கார் சாவி, மொய் கவர் என்று எதையும் அதில் திணிக்க முடியாது. மொய் கவரை வாங்கி வைக்கத் தம்பியையோ மச்சானையோ பக்கத்தில் நிறுத்துங்கள்.

பிரிக்கும்போது கத்தரிக்கோல் வேண்டாம். ஊசி முனையால் நூலைத் தூக்கி, சின்ன பிளேடால் அறுத்தால் துணி பிழைக்கும்.

எல்லாப் பட்டனையும் போட வேண்டுமா?

கடைசிப் பட்டனை எப்போதும் போடக்கூடாது. இரண்டு பட்டன் கோட்டில் மேலே இருப்பது மட்டும். மூன்று பட்டன் என்றால் நடுவில் இருப்பது கட்டாயம், மேலே இருப்பது உங்கள் விருப்பம். இங்கிலாந்து அரசர் ஏழாம் எட்வர்டுக்கு வயிறு பெருத்து, அவர் கடைசிப் பட்டனைப் போடாமல் விட, சுற்றி இருந்தவர்களும் அப்படியே செய்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, இன்றைய கோட்டுகள் கடைசிப் பட்டன் திறந்திருக்கும் என்ற கணக்கில்தான் வெட்டப்படுகின்றன. போட்டால் இடுப்புக்குக் கீழே துணி இழுத்துக்கொண்டு நிற்கும்.

உட்காரும்போது கழற்றுங்கள், எழுந்ததும் போடுங்கள். இரட்டை வரிசைப் பட்டன் கோட்டை மட்டும் உட்கார்ந்தாலும் போட்டபடியே விடலாம்.

கோட் பட்டனுக்குக் கீழே சட்டை வெள்ளையாக முக்கோணம் மாதிரி எட்டிப் பார்க்கிறது. ஏன்?

பேண்ட் இடுப்புக்குக் கீழே இறங்கி நிற்கிறது. ஜீன்ஸ் போட்டுப் பழகிய எல்லோருக்கும் வருகிற தவறு இது. சூட் பேண்ட் தொப்புளை ஒட்டி நிற்க வேண்டிய உடை. கோட் பட்டனும் பேண்ட் மேல் விளிம்பும் சந்திக்கிற மாதிரி இருந்தால் முக்கோணம் தெரியாது, காலும் நீளமாகத் தெரியும். தொப்பை இருக்கிறவர்கள் பேண்ட்டை வயிற்றுக்குக் கீழே தள்ளிக் கட்டுவதால் வயிறு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. மேலே ஏற்றிக் கட்டிப் பாருங்கள், முதல் பத்து நிமிடம் விநோதமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும். தைக்கும்போதே மேலிடுப்பு பேண்ட் என்று சொல்லிவிடுவது நல்லது.

கை நீளம், பேண்ட் நீளம்?

கையைத் தொங்கவிட்டால் கோட்டுக்கு வெளியே சட்டைக் கை கால் அங்குலத்திலிருந்து அரை அங்குலம் வரை தெரிய வேண்டும். நம் ஊர் மாப்பிள்ளைகளில் பலருக்குக் கோட் கை கட்டைவிரல் வரை வந்து நிற்கும். அரை நாள் வேலை, அதிகச் செலவும் இல்லை, திருத்திக்கொள்ளுங்கள். கைப் பட்டன்கள் நிஜமாகவே திறந்து மூடுகிற கோட்டாக இருந்தால், கீழிருந்து குறைக்க முடியாது, தோள் பக்கத்திலிருந்து குறைக்க வேண்டும். அதனால் வாங்கும்போதே கவனியுங்கள்.

பேண்ட், ஷூவின் மேல் ஒரே ஒரு லேசான மடிப்போடு நின்றால் போதும். கணுக்காலில் அடுக்கடுக்காக மடிந்து கிடந்தால் எவ்வளவு நல்ல ஷூ போட்டும் வீண்.

நம் வெயிலுக்கும் வேர்வைக்கும் எந்தத் துணி?

கம்பளி என்றதும் பயந்துவிடுகிறார்கள். மெல்லிய கம்பளித் துணி, அதாவது டிராப்பிக்கல் வுல், காற்றை விடும், வேர்வையை இழுத்துக்கொள்ளும், கசங்கினாலும் ஒரு இரவு தொங்கவிட்டால் தானாகவே நேராகும். குறைந்த விலை சூட்களில் வருகிற பாலியஸ்டர் கலவை காற்றை விடாது, மேடை விளக்கில் பளபளக்கும். அந்தப் பளபளப்பு கடையில் அழகாகத் தெரியும். ஃபிளாஷ் அடித்ததும் முழங்காலிலும் முழங்கையிலும் வெள்ளைத் திட்டாக விழும்.

வெளித்துணியைவிட லைனிங்தான் அதிகம் வேர்க்க வைக்கும். முதுகில் பாதி மட்டும் லைனிங் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். ஏசி மண்டபமாக இருந்தாலும், மேடை விளக்குகளுக்கு நேராக நிற்கிறவருக்கு ஏசி எட்டாது.

"சூப்பர் 120", "சூப்பர் 150" என்று சொல்வது இழையின் நுண்மையைக் குறிக்கும் எண். சூப்பர் 100 என்றால் இழையின் தடிமன் அதிகபட்சம் 18.75 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பத்துப் பத்தாக எண் ஏற ஏற அரை மைக்ரான் குறையும், 120இல் 17.75. எண் பெரிதானால் துணி வழவழப்பாக இருக்கும், ஆனால் சீக்கிரம் கசங்கும், சீக்கிரம் தேயும். ஒரு தடவைக்கு மேல் போடப்போகிற சூட்டுக்கு 100லிருந்து 120 வரை போதுமானது. இந்த எண்கள் கம்பளிக்கானவை. பாலியஸ்டர் கலந்த துணியில் "சூப்பர்" என்று அச்சிட்டிருந்தால் அதற்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

விலை குறைந்த கோட்டில் மார்புப் பகுதித் துணியை உள்ளே பசைத்துணி வைத்து ஒட்டியிருப்பார்கள். திரும்பத் திரும்ப டிரை கிளீன் செய்து சூடு பட்டால் பசை விட்டு, மார்பில் கொப்புளம் கொப்புளமாக எழும். அதைச் சரி செய்ய வழியில்லை. பட்ஜெட் இடம் கொடுத்தால் மார்பில் பசைக்குப் பதிலாகக் கேன்வாஸ் என்ற விறைப்புத் துணி வைத்துத் தைத்ததை எடுங்கள்.

மார்பு மடிப்பில் (காலரிலிருந்து பட்டன் வரை வரும் மடிப்பில்) பளபளக்கும் சாட்டின் துணி வைத்த கோட் எடுத்திருக்கிறேன். சாதாரண டை கட்டலாமா?

சாட்டின் மடிப்பு, டக்ஸீடோ என்கிற மாலை விருந்து சூட்டுக்கு உரியது. அதற்கு கறுப்பு போ டை (வண்ணத்துப்பூச்சி வடிவில் கட்டுவது), பெல்ட் இல்லாத பேண்ட், சாயங்காலத்துக்குப் பிறகான நேரம், இவைதான் பொருத்தம். நீள டையும் பெல்ட்டும் சேர்த்தால் இரண்டு உடைகளைக் கலந்த மாதிரி ஆகிவிடும். ஒரே ஒரு சூட் வாங்கப் போகிறீர்கள் என்றால் சாட்டினை விட்டுவிடுங்கள். ரிசப்ஷனுக்கு அப்புறம் அதை ஆபீஸுக்கோ இன்டர்வியூவுக்கோ போட முடியாது.

என்ன நிறம்?

கருநீலம். மணப்பெண் எந்த நிறப் பட்டுக் கட்டினாலும், லெஹங்கா போட்டாலும் ஒத்துப்போகும், வேர்வையும் தெரியாது, வேறு எங்கும் போடலாம். இரண்டாவது இடம் அடர் சாம்பலுக்கு. வெளிர் சாம்பலில் அக்குள் ஈரம் அப்படியே தெரியும். முழுக்கறுப்பு, நம் ஊரில் வக்கீல் கோட்டை ஞாபகப்படுத்திவிடும், படத்தில் மடிப்பு, தையல் எதுவும் தெரியாமல் ஒரே கறுப்பாக விழும். உள்ளே வெள்ளைச் சட்டை போடுங்கள். வெளிர் நீலம் அழகுதான், ஆனால் அதில் வேர்வை காட்டிக்கொடுக்கும்.

டை எவ்வளவு நீளம்?

முனை பெல்ட் பக்கிளைத் தொட வேண்டும். மேலே நின்றாலும் கீழே தொங்கினாலும் தப்பு. டையின் அகலம், கோட் மார்பு மடிப்பின் அகலத்துக்கு ஏறக்குறையச் சமமாக இருக்கட்டும். முடிச்சுக்குக் கீழே நடுவில் ஒரு சின்னக் குழி வருமாறு விரலால் அழுத்தி இறுக்குங்கள். டை பின் போட்டால் சட்டையின் மூன்றாவது, நான்காவது பட்டன்களுக்கு நடுவில். டையின் அகலத்தைவிட நீளமான பின் வேண்டாம்.

வெயிஸ்ட்கோட் போடுகிறவர்கள் டை முனை அதற்குக் கீழே எட்டிப் பார்க்காமல் உள்ளே விடுங்கள், அதிலும் கடைசிப் பட்டனைத் திறந்தே விடுங்கள்.

சூட்டுக்கு எந்த ஷூ?

லேஸ் கட்டுகிற, வேலைப்பாடு குறைந்த தோல் ஷூ. ஆக்ஸ்ஃபோர்டு என்பதில் லேஸ் துளைகள் இருக்கிற இரண்டு பட்டைகளும் முன்பகுதித் தோலுக்கு அடியில் போய் மூடியிருக்கும், லேஸை இறுக்கினால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். டெர்பியில் அந்தப் பட்டைகள் மேலே தைக்கப்பட்டு, காது மாதிரி திறந்துகொள்ளும். ஆக்ஸ்ஃபோர்டு கூடுதல் சம்பிரதாயமானது. நம்மவர்களில் பலருக்குப் பாதம் அகலம், மேல்பாதமும் உயரம். அவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டு இறுக்கிக் கொல்லும், டெர்பி போட்டால் குற்றமில்லை.

முனை கூராக நீண்டு, மேலே வளைந்து நிற்கிற ஷூவையும், சதுரமாக வெட்டிய முனையையும் தவிர்த்துவிடுங்கள். கருநீலத்துக்கு அடர் பழுப்பும் கறுப்பும் பொருந்தும். கறுப்பு சூட்டுக்குக் கறுப்பு மட்டுமே. பெல்ட்டும் ஷூவும் ஒரே நிறமாக இருக்கட்டும்.

ஐரோப்பியக் கடைகளில் விற்கிற எத்தனையோ தோல் ஷூக்கள் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்து ஆலைகளில் தயாராகிறவை. சென்னையிலிருந்து பெங்களூரு போகிற வழியில் ஆம்பூரில் இறங்கினால் ஷூ கடைகள் வரிசையாக இருக்கும், தோல் ஷூ நல்ல விலைக்குக் கிடைக்கும். எடுக்கும்போது இடது, வலது இரண்டையும் பக்கத்தில் வைத்து நிறமும் தோலின் வரியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் போட்டு நடங்கள்.

சைஸ் எப்படிப் பார்ப்பது?

சாயங்காலத்தில் வாங்குங்கள். நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், ரிசப்ஷனும் சாயங்காலம்தான். எந்த சாக்ஸ் போடப்போகிறீர்களோ அதோடு போட்டுப் பாருங்கள். தோல் அகலத்தில் இளகிக் கொடுக்கும், நீளத்தில் கொடுக்காது. விரல் இடித்தால் "போகப் போகச் சரியாகிவிடும்" என்ற பேச்சுக்கே இடமில்லை. ஸ்போர்ட்ஸ் ஷூவில் போடுகிற அதே எண்ணைத் தோல் ஷூவிலும் கேட்டு வாங்கிவிட்டு, பின்குதிகால் கழன்று கழன்று வருகிறது என்று சொல்கிறவர்கள் நிறைய. பலருக்குத் தோல் ஷூவில் அரை சைஸ் குறைத்து எடுப்பதுதான் பொருந்தும்.

அண்ணன் கல்யாணத்துக்கு வாங்கிய ஷூ பெட்டியிலேயே புதிதாக இருக்கிறது. அதையே போடலாமா?

போடுவதற்கு ஒரு மாதம் முன்னால் வெளியே எடுத்துச் சோலைப் பாருங்கள். இது மிக முக்கியம்.

நிறைய ஷூக்களின் சோல் பாலியூரித்தேன் என்ற ஒரு வகை பிளாஸ்டிக். அது லேசானது, மெத்தென்று இருக்கும். ஆனால் காற்றில் இருக்கிற ஈரம் அதன் வேதிப் பிணைப்புகளை மெல்ல அறுத்துக்கொண்டே இருக்கும். போட்டாலும் போடாவிட்டாலும் இது நடக்கும். பெட்டிக்குள் அடைத்து, ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊரில் சில வருஷம் வைத்தால் போதும், பார்க்கப் புதிது மாதிரியே இருக்கும். மண்டபத்தில் போட்டுப் பத்து அடி நடந்ததும் சோல் கேக் துண்டு மாதிரி உதிரும். மாப்பிள்ளையின் பின்னால் மேடை வரைக்கும் கறுப்புத் துகள் கிடக்கும்.

கட்டைவிரல் நகத்தால் சோலின் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்த இடம் மீண்டு வராவிட்டால், பிசுபிசுத்தால், மாவாகக் கையில் வந்தால், அதைப் போடாதீர்கள். பசை போட்டு ஒட்டுவதில் பயனில்லை, சோலின் உடம்பே போய்விட்டது. மேல்தோல் அசல் தோலாக இருந்தால் ஷூ ரிப்பேர் கடையில் புது ரப்பர் சோல் மாற்றச் சொல்லலாம். மேல்பகுதியும் ரெக்சின் என்றால் அதுவும் இதே மாதிரி உரிந்து வரும், விட்டுவிடுங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் ரப்பர் சோலோ தோல் சோலோ கேட்டு வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

புது ஷூவை ரிசப்ஷன் அன்றைக்கே முதலில் போடலாமா?

வேண்டாம். ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டுக்குள் தினம் அரை மணி நேரம் போட்டு நடங்கள். தோல் உங்கள் பாதத்துக்கு வளையும், எங்கே கடிக்கிறது என்றும் தெரியும். தோல் சோல் என்றால் மண்டபத்து கிரானைட் தரையில் வழுக்கும். மணல் தாளால் அடிப்பகுதியை லேசாகத் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் சொரசொரப்பான சிமெண்ட் தரையில் கொஞ்ச தூரம் நடங்கள். அடியில் ஒட்டியிருக்கிற விலை ஸ்டிக்கரைப் பிய்த்துவிடுங்கள். பெரியவர்கள் காலில் விழும்போது உங்கள் சோல்தான் எல்லோர் கண்ணிலும் படும்.

ஜானவாசத்தில் கோயிலில் ஷூவைக் கழற்ற வேண்டியிருக்கும். லேஸ் ஷூ சரிப்படுமா?

கோயிலில் ஒரு தடவை, ஆசீர்வாதத்துக்கு ஒரு தடவை என்று கழற்றி மாட்டுவதாக இருந்தால், லேஸ் இல்லாத எளிமையான தோல் லோஃபரோ, பக்கிள் வைத்த மாங்க் ஸ்ட்ராப்போ போடலாம். லேஸ் ஷூதான் வேண்டும் என்றால், குதிகாலை ஷூவுக்குள் வழுக்கி நுழைக்க உதவும் ஷூ ஹார்ன் ஒன்றை யாரிடமாவது கொடுத்துவையுங்கள். அது இல்லாமல் அவசரத்தில் குதிகாலை மிதித்து நுழைப்பதால்தான் ஷூவின் பின்பக்கம் உடைகிறது. லேஸை அவிழ்த்துக் கழற்றுங்கள், ஒரு காலால் இன்னொரு காலை மிதித்துக் கழற்றாதீர்கள். சாக்ஸ் புதிதாக, ஓட்டை இல்லாமல் இருக்கட்டும். கோயில் வாசலில் எல்லோரும் பார்ப்பது அதைத்தான்.

சாக்ஸ் என்ன நிறம்?

பேண்ட் நிறம், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ் வரை வருகிற நீளம். மேடையில் சோபாவில் உட்கார்ந்ததும் பேண்ட் ஏறி, குட்டை சாக்ஸுக்கு மேலே வெறும் கால் தெரிகிற படங்களுக்குக் கணக்கே இல்லை. வெள்ளை சாக்ஸ் ஸ்போர்ட்ஸ் ஷூவுக்கு.

பஞ்சு வைத்த திரவ பாலிஷ் போதுமா?

அவசரத்துக்குப் பளபளக்கும், ஆனால் தோலுக்கு உணவு இல்லை. மேலே ஒரு படலமாக நின்று, நடக்கும்போது மடிகிற இடத்தில் வெடிக்கும். முதல் நாள் இரவே இப்படிச் செய்யுங்கள்: லேஸை உருவிவிட்டு, பிரஷால் தூசியைத் தட்டி, லேசான ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். ஷூ க்ரீமைப் பழைய பனியன் துணியில் கொஞ்சமே எடுத்து வட்டமாகத் தேயுங்கள். பத்து நிமிடம் விட்டு, குதிரைமயிர் பிரஷால் வேகமாக, அழுத்தாமல் தேய்த்தால் பளபளப்பு மேலெழும். முனைக்கும் குதிகாலுக்கும் மட்டும் டப்பா மெழுகு பாலிஷ், துணியில் இரண்டு சொட்டுத் தண்ணீர். சோலின் ஓரத்தையும் மறக்காதீர்கள். அங்கே வெளுத்திருந்தால் மேலே எவ்வளவு பளபளத்தும் பழைய ஷூவாகத்தான் தெரியும்.

மழையில் நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள், தாள் ஈரமானதும் மாற்றுங்கள். வெயிலோ ஹேர் டிரையரோ வேண்டாம், தோல் வெடிக்கும்.

மாலையின் கறை கோட்டில் பட்டுவிட்டது. என்ன செய்வது?

ரோஜா மாலைக்கு நீர் தெளித்துத்தான் கொண்டு வருவார்கள். கழுத்தில் போடுவதற்கு முன்னால் யாராவது ஒருவர் அதை நன்றாக உதறி, பின்பக்கத்தைத் துணியால் ஒற்றி எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பூங்கொத்தில் லில்லி இருந்தால் அதன் மகரந்தம் மஞ்சளாக ஒட்டும். கையாலோ ஈரத்துணியாலோ தேய்த்தால் இழைக்குள் இறங்கிவிடும். செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுங்கள். குங்குமமும் அப்படித்தான், முதலில் உதறுங்கள், தண்ணீர் தொடாதீர்கள். மற்றதை டிரை கிளீனரிடம் கொடுக்கும்போது கறை எங்கே, எதனால் என்று சொல்லிவிடுங்கள். அவர் பயன்படுத்த வேண்டிய மருந்து அதைப் பொறுத்தது.

சூட் வாடகைக்கு எடுக்கலாமா?

தாராளமாக. ஒரு தடவைக்கு மேல் போட மாட்டேன் என்று உறுதியாகத் தெரிந்தால் அதுவே புத்திசாலித்தனம். ஆனால் தோளும் கை நீளமும் சரியாக இருக்கிற கோட்டாகத் தேடுங்கள், கடைக்கு இரண்டு வாரம் முன்னால் போங்கள். சட்டையும் ஷூவும் உங்களுடையதாக இருக்கட்டும்.

கல்யாணம் முடிந்ததும் எப்படி வைப்பது?

டிரை கிளீன் செய்த பிறகே உள்ளே வையுங்கள். வேர்வையும் சாப்பாட்டுத் துளியும் இருக்கிற கம்பளியைத்தான் பூச்சி தேடி வந்து அரிக்கும். அதற்கப்புறம் ஒவ்வொரு முறை போட்டதும் டிரை கிளீனுக்குக் கொடுக்க வேண்டாம், துணி பிரஷால் தூசி தட்டி, ஒரு ராத்திரி காற்றில் தொங்கவிட்டால் போதும். கடையில் தருகிற பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டு, பழைய பருத்தி வேட்டியால் மூடுங்கள். பிளாஸ்டிக்குக்குள் ஈரம் அடைபட்டு, ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். தோள் பக்கம் அகலமான மர ஹேங்கர் வேண்டும். கம்பி ஹேங்கரில் ஒரு வருஷம் தொங்கினால் தோளில் முட்டு விழும். நாப்தலின் உருண்டையைத் துணிப்பையில் கட்டி, துணியில் படாமல் தொங்கவிடுங்கள்.

ஷூவுக்குள் மர ஷூ ட்ரீ (வடிவம் கெடாமல் இருக்க உள்ளே வைக்கும் பாத வடிவ மரக்கட்டை), இல்லையென்றால் காகிதம். பெட்டியில் பூட்டி வைக்காமல் மாதம் ஒரு தடவை வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து அதே ஷூவைப் போடாதீர்கள், உள்ளே ஏறிய வேர்வை காய ஒரு முழு நாள் ஆகும்.

அதே சூட்டை இன்டர்வியூவுக்கோ, நண்பன் கல்யாணத்துக்கோ போடலாமா? கோட்டை மட்டும் ஜீன்ஸோடு?

கருநீலத்தில், சாட்டின் இல்லாமல், மினுக்கு வேலை இல்லாமல் எடுத்திருந்தால் தாராளமாகப் போடலாம். போ டையையும் மார்பில் குத்திய ப்ரூச்சையும் எடுத்துவிட்டு, சாதாரண டை கட்டினால் ஆபீஸ் சூட் ஆகிவிடும். உடம்பு ஏறியிருந்தால் பேண்ட்டின் பின்தையலில் பெரும்பாலும் ஓர் அங்குலமாவது தளர்த்த முடியும், போடுவதற்கு ஒரு வாரம் முன்னால் டெய்லரிடம் கொண்டுபோய்ப் பாருங்கள்.

ஜீன்ஸோடு வேண்டாம். சூட் கோட்டின் மெல்லிய, வழவழப்பான துணி ஜீன்ஸோடு சேராது. அதைவிட, கோட் மட்டும் அடிக்கடி போட்டு டிரை கிளீன் செய்தால் கோட் ஒரு நிறம், பேண்ட் ஒரு நிறம் ஆகிவிடும். டிரை கிளீனுக்குக் கொடுத்தாலும் இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். ஜீன்ஸுக்குத் தனியாக ஒரு பிளேசர் வாங்கிக்கொள்ளுங்கள்.